சன்னபட்டணமா, கொண்டபள்ளியா?

ஒரு வயதுக் குழந்தைக்கு மரப்பொம்மை என்றால் என் ஓட்டு கர்நாடகத்தின் சன்னபட்டணத்துக்குத்தான். வெட்பாலை மரத்தைக் கடைசல் எந்திரத்தில் சுழலவிட்டு, சாயம் கலந்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகிப் படியும். அப்புறம் தாழை மடலால் தேய்த்தால் பளபளப்பு வந்துவிடும். கூர்முனை இல்லாத உருண்டை வடிவம், வாயில் வைத்தாலும் குத்தாது. (இயற்கைச் சாயம்தானா என்று பட்டறைக்காரரிடமே கேட்டு வாங்குங்கள்.)

விஜயவாடா பக்கத்துக் கொண்டபள்ளி வேறு ரகம். இலேசான பொனிக்கி மரத்தில் கை, கால் எனத் தனித்தனியாகச் செதுக்கி, புளியங்கொட்டைப் பசையும் மரத்தூளும் குழைத்து ஒட்டி, வண்ணம் தீட்டுகிறார்கள். தசாவதாரம், அம்பாரி யானை, மாட்டுவண்டி... கொள்ளை அழகு! ஆனால் கீழே போட்டால் கை உடைந்துவிடும். கொலுப்படிக்குச் சரி, தவழும் பிள்ளைக்கு வேண்டாம்.