அடுத்த கோச் யார்? ட்ரான்ஸ்ஃபர்மார்க்டின் கோச் பக்கம் எதற்கு உதவும், எங்கே ஏமாற்றும்

ஜான் கிரிகரி இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து அணியான சென்னையின் எஃப்சி-யின் கோச்சாக இருந்த முதல் சீசனில், அதாவது 2017-18-இல், அணி 18 லீக் ஆட்டங்களில் 32 புள்ளி எடுத்து இரண்டாம் இடம் பிடித்தது. பெங்களூருவில் நடந்த இறுதிப் போட்டியையும் 3-2 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. அடுத்த சீசனிலும் அதே கோச், அதே 18 ஆட்டங்கள். வந்தது 9 புள்ளி, கடைசி இடம். இரண்டையும் கூட்டி 36-ஆல் வகுத்தால் ஆட்டத்துக்கு 1.14 புள்ளி. கோப்பை வென்ற சீசனும் அந்த எண்ணில் தெரியாது, அடிமட்டத்துக்குப் போன சீசனும் தெரியாது.

ஒரு கிளப்பில் கோச் பதவி காலியானால் ரசிகர்கள் முதலில் காட்டுவது இந்த மாதிரி சராசரியைத்தான். பெரும்பாலும் அது ட்ரான்ஸ்ஃபர்மார்க்ட் தளத்திலிருந்து எடுத்ததாக இருக்கும். 2000-இல் ஜெர்மனியில் தொடங்கிய அந்தத் தளத்தை வீரர்களின் சந்தை மதிப்புக்காகத்தான் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அடுத்த கோச்சைப் பற்றி உருப்படியாகப் பேச இலவசமாகக் கிடைப்பவற்றில் அதன் கோச் பக்கங்கள் அளவுக்குப் பயன்படுவது குறைவு. எந்தக் கட்டத்தை நம்புவது, எதை விட்டுவிடுவது என்று தெரிந்து வாசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

தேடும்போதே ஒரு கவனம் தேவை. ஷாபி அலோன்சோ என்று தேடினால் வீரராக ஒரு பக்கம், கோச்சாக இன்னொரு பக்கம் என்று இரண்டு வரும். கோச் பக்கத்தைத் திறந்தால் மேலே விரும்பும் ஃபார்மேஷன் (வீரர்களை ஆடுகளத்தில் நிறுத்தும் அமைப்பு), ஒரு கிளப்பில் சராசரியாக எவ்வளவு காலம் இருக்கிறார், ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்ற விவரங்கள் இருக்கும். கீழே வேலை பார்த்த கிளப்கள், சேர்ந்த தேதி, விலகிய தேதி, ஆட்டங்கள், ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி (வெற்றிக்கு 3, டிராவுக்கு 1) என்று ஒரு அட்டவணை.

வாதங்களில் அதிகம் அடிபடுவது அந்தப் புள்ளிக் கட்டம். குறைவாக நம்ப வேண்டியதும் அதுதான். லீக், உள்நாட்டுக் கோப்பை, ஐரோப்பியப் போட்டி எல்லாம் அதில் கலந்திருக்கும். மூன்றாம் டிவிஷன் அணியைக் கோப்பையின் ஆரம்பச் சுற்றில் வென்றாலும் 3 புள்ளி. இரண்டு ஆட்டங்களாக நடக்கும் சுற்றில் முதல் லெக்கில் 4-0 என்று ஜெயித்துவிட்டு, இரண்டாவதில் ரிசர்வ் வீரர்களை இறக்கி 1-0 என்று தோற்றால் பூஜ்ஜியம். இது போதாதென்று லீகின் தரமும் குறுக்கே நிற்கும். அயாக்ஸில் மூன்று லீக் பட்டம் வென்ற எரிக் டென் ஹாகின் சராசரி உயரமாக இருந்ததில் ஆச்சரியமில்லை, நெதர்லாந்தில் அயாக்ஸ்தான் பணக்கார அணி. ஆர்னே ஸ்லாட் 2019-20-இல் இன்னொரு நெதர்லாந்து அணியான ஏஇசட்டோடு கொரோனாவால் லீக் நிற்கும் வரை 25 ஆட்டங்களில் 56 புள்ளி எடுத்தார். அயாக்ஸும் அப்போது அதே 56-இல்தான் நின்றது. பட்ஜெட்டில் பல மடங்கு பெரிய அணியோடு சமமாக நின்றது பெரிய விஷயம், ஆனால் புள்ளிக் கட்டம் இருவரையும் ஒரே தராசில்தான் வைக்கும். அதனால் மொத்தச் சராசரியை விட்டுவிட்டு சீசனையும் போட்டியையும் தனித்தனியாகத் தேர்வு செய்து பாருங்கள்.

இரண்டாவது சிக்கல் விலகிய தேதி. ஏஇசட்டில் ஸ்லாட்டின் காலம் 2020 டிசம்பரில், சீசன் நடுவே முடிகிறது. அட்டவணையை மட்டும் பார்ப்பவர் தோல்வியால் துரத்திவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். உண்மையில், வேறொரு நெதர்லாந்து கிளப்பான ஃபெயனூர்டோடு பேச்சுவார்த்தை நடத்தினார் என்பதற்காகவே ஏஇசட் அவரை நீக்கியது. தளம் தேதியைத் தரும், காரணத்தைத் தராது. சீசன் நடுவே முடிந்த எந்தக் காலத்துக்கும் அந்த ஊர்ச் செய்தியைத் தேடிப் படித்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

நம்பிப் பயன்படுத்த வேண்டிய இடம் ஃபார்மேஷன். அதையும் மேலே போட்டிருக்கும் ஒற்றை வரியோடு நிறுத்தக் கூடாது. கோச்சின் கடைசி பத்து ஆட்டங்களின் அறிக்கையைத் திறந்து, எப்படி அணியை இறக்கினார் என்று எண்ணுங்கள். பத்தில் ஒன்பது ஒரே ஃபார்மேஷன் என்றால் ஆள் பிடிவாதக்காரர், உங்கள் அணிக்கும் அதையேதான் கொண்டுவருவார். பிறகு உங்கள் கிளப்பின் ஸ்குவாட் பக்கத்துக்குப் போய், அந்த ஃபார்மேஷனின் ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு பேர் இருக்கிறார்களா என்று எழுதிப் பாருங்கள். காயம்பட்டவர்கள், 32 வயதைத் தாண்டியவர்களுக்கு அரை மதிப்பெண்தான்.

2024 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெடுக்கு இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் வரப்போவது தெரிந்திருக்கும். அப்போது கோச்சாக வந்த ரூபன் அமோரிம் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங்கில் 3-4-3 (பின்னால் மூவர், நடுவில் நால்வர், முன்னால் மூவர்) வைத்து 2020-21, 2023-24 என்று இரண்டு முறை லீக் வென்றவர். அந்த முறைக்கு உயிர்நாடி இரண்டு விங்-பேக்குகள், அதாவது நடுவரிசை நால்வரில் இரு ஓரங்களிலும் ஏறி இறங்கி ஓடுபவர்கள். யுனைடெடில் இடது பக்கத்துக்கு இருந்த லூக் ஷா, டைரெல் மலாசியா இருவருமே காயத்தால் நீண்ட நாள் வெளியே இருந்தவர்கள். வலதுகாலரான டியோகோ டாலோ இடது பக்கம் ஓட வேண்டியதாயிற்று. அவர்கள் போக மையத்தில் இருவர் மட்டுமே நிற்கும் முறையில் காசமிரோவுக்கும் எரிக்சனுக்கும் வயது 32. மறுபுறம் ராஷ்ஃபோர்ட், கர்னாச்சோ, அந்தோனி என்று கோட்டோரம் ஆடும் விங்கர்கள் குவிந்திருந்தார்கள். அவர்களுக்கு 3-4-3-இல் இயல்பான இடமே இல்லை. இத்தாலியின் லெச்சேயிலிருந்து இடது விங்-பேக் பாட்ரிக் டோர்கு வந்ததே 2025 பிப்ரவரியில்தான். அந்த சீசனில் அமோரிமின் 27 லீக் ஆட்டங்களில் 27 புள்ளி, அணிக்கு 15-ஆம் இடம். தரம் ஒருபுறம் இருக்கட்டும், இந்தப் பொருத்தமின்மையை ஸ்குவாட் பக்கமே சொல்லியிருக்கும்.

லிவர்பூல் கதை நேர்மாறு. 2024 ஜனவரி 26-இல் கோச் க்ளாப் விலகுவதாக அறிவித்ததும் ரசிகர்கள் அலோன்சோவையும் அமோரிமையும் பற்றித்தான் பேசினார்கள். இருவருமே அப்போது பின்னால் மூவரை நிறுத்தி ஆடியவர்கள். கிளப் தேர்ந்தெடுத்தது ஃபெயனூர்டின் ஸ்லாட்டை. பின்னால் நால்வர், நடுவில் மூவர், முன்னால் இரண்டு விங்கர்கள் என்ற அவருடைய அமைப்புக்கு மாக் அலிஸ்டர், சோபோஸ்லாய், கிராவன்பெர்க், சலா எல்லோரும் ஏற்கெனவே அங்கேயே இருந்தார்கள். அந்தக் கோடையில் முதல் அணிக்குள் வந்த ஒரே புதியவர் கியேசா, அவரும் அதிகம் ஆடவில்லை. அணி 84 புள்ளியோடு பட்டம் வென்றது.

சந்தை மதிப்பையும் இதற்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். லீக் பக்கத்தில் பழைய சீசனைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு அணியின் மொத்த மதிப்பும் வரிசையாக வரும். கோச்சின் அணி மதிப்பில் எத்தனையாவது, லீகில் எத்தனையாவது முடித்தது என்று இரண்டையும் ஒப்பிட்டால் கையில் இருந்ததை வைத்து என்ன செய்தார் என்று புலப்படும். ஆனால் சந்தை மதிப்பு உறுப்பினர்கள் விவாதித்து வைக்கும் மதிப்பீடு. அணி நன்றாக ஆடினால் வீரர்களின் மதிப்பும் ஏறிவிடும் என்பதால், சீசன் தொடங்கும் நேரத்து எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

கோச்சோடு வரும் உதவிக் குழுவைப் பற்றியும், பயிற்சி எப்படி நடக்கும் என்பதைப் பற்றியும் இந்தத் தளத்தில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். ப்ரெஸ்ஸிங் (பந்தைப் பறிக்க எதிரணியை நெருக்குவது), பந்தை எப்படி முன்னகர்த்துகிறார்கள் போன்றவற்றுக்கு ஆட்டங்களை முழுதாகப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. மூன்று போதும்: ஒன்று வென்றது, ஒன்று தோற்றது, ஒன்று தன்னைவிடப் பலமான அணியோடு ஆடியது.

நடுவில் பொறுப்பேற்றவர்களை மதிப்பிட இந்தத் தளத்தின் தேதிவாரி ஆட்டப் பட்டியல் அருமையானது. 2019-20-இல் சென்னையின் முதல் 6 லீக் ஆட்டங்களில் 5 புள்ளி, அதோடு கிரிகரி விலகினார். ஓவன் கோயில் வந்தபின் மிச்சம் 12-இல் 24 புள்ளி, அணி இறுதிப் போட்டி வரை போனது. வீரர்களான வால்ஸ்கிஸும் கிரிவெல்லாரோவும் இரு கோச்கள் காலத்திலும் இருந்தவர்கள்தான். ஒரே ஸ்குவாட் இரண்டு கைகளில் எப்படி ஆடியது என்று பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்க இதைவிடச் சுத்தமான ஒப்பீடு கிடைப்பது அரிது. உங்கள் கிளப் பரிசீலிக்கும் கோச் இப்படி நடுவில் பொறுப்பேற்றவர் என்றால் முதலில் திறக்க வேண்டியது அந்தப் பட்டியலைத்தான்.