ஸ்விங் ஆர்மை நீட்டுவதா, முன் ஃபோர்க்கைக் கட்டுவதா?

402 மீட்டர் டிராக் (drag) ஓட்டத்துக்கு, அதாவது நேர்கோட்டு வேகப் பந்தயத்துக்கு, தெரு பைக்கைத் தயார்செய்யும் சேலத்து இளைஞர்கள் இவ்விரண்டுக்கும் இடையே தடுமாறுகிறார்கள். ஸ்விங் ஆர்ம் என்பது பின்சக்கரத்தைத் தாங்கும் கை; ஃபோர்க் என்பது முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் குழாய்கள். கிளம்பும்போது முன்சக்கரம் தூக்காமல் தடுப்பதே இரண்டின் நோக்கமும்.

செலவு: ஆர்மை நீட்டினால் வெல்டிங், நீளமான செயின், பிரேக் ஹோஸ் வேண்டும்; ஃபோர்க்கை அமுக்கிக் கட்ட ஒரு பட்டை போதும்.

உறுதி: பற்றவைத்த இடத்தில் மயிரிழை விரிசலும் ஆபத்து என்பதால், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் கிரீஸைத் துடைத்துவிட்டு நல்ல வெளிச்சத்தில் உற்றுப் பார்க்க வேண்டும்.

வசதி: நீட்டிய பைக் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் அகலமாகவே திரும்பும். பட்டையை நொடியில் அவிழ்க்கலாம். அவிழ்க்க மறந்து சாலையில் இறங்கினால் முதல் குழியே நினைவூட்டும்.

பந்தயத்துக்கென்றே தனி பைக் வைத்திருப்பவர் ஆர்மை நீட்டலாம். வேலைக்கும் ஏற்காட்டுக்கும் அதே பைக்கில் போகிறவருக்குப் பட்டைதான் சரி, அதுவும் மூடிய பந்தயத் தடத்தில் மட்டும்.