புதிய குதிரையேற்றப் பயிற்றுநரிடம் முதல் வகுப்பு: பழகிய குதிரையா, பள்ளிக் குதிரையா, கயிற்று வட்டமா?

ஒரு பள்ளியில் ஓரளவு குதிரையேற்றம் பழகியவர், ஊர் மாறியதாலோ முந்தைய பயிற்றுநர் விலகியதாலோ வேறொருவரிடம் கற்கச் செல்லும்போது, முதல் வகுப்பு எப்படி அமைய வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பள்ளியின் முடிவுக்கே விட்டுவிடுகிறார். வகுப்புக்குப் பதிவு செய்யும்போதே அவர் கேட்டுப் பெறக்கூடிய வழிகள் மூன்று உள்ளன. சொந்தக் குதிரையிலோ நெடுநாள் பழகிய குதிரையிலோ சவாரி செய்து காட்டலாம். புதிய பள்ளி தரும் குதிரையில் தனி வகுப்பு எடுத்துக்கொள்ளலாம். அல்லது, நடுவில் நிற்கும் பயிற்றுநரின் கையிலுள்ள நீண்ட கயிற்றின் முனையில் குதிரை வட்டமாகச் செல்ல, கடிவாள வாரைப் பிடிக்காமல் அதன்மேல் அமர்ந்து, தன் இருக்கையை, அதாவது தான் அமரும் விதத்தை, மட்டும் பார்க்கச் சொல்லலாம். மாணவரின் உண்மையான நிலையைப் பயிற்றுநருக்கு விரைவாகவும் பாதுகாப்பாகவும் காட்டும் வழியே நல்ல வழி என்ற அளவுகோலை வைத்துக்கொண்டு இம்மூன்றையும் ஒப்பிடுகிறேன். ஒவ்வொன்றுக்கும் வேண்டிய தயாரிப்பு வேறு என்பதால், எதைத் தேர்ந்தெடுப்பது என்ற முடிவே தயாரிப்பின் முதல் வேலை.

பழகிய குதிரையில் செல்வது

பழகிய குதிரையில் ஏறுபவருக்குப் பதற்றம் குறைவு. வகுப்பில் கிடைக்கும் திருத்தம் அன்றாடம் ஏறும் குதிரைக்கே நேராகப் பயன்படும் என்பதும் சிறிய லாபம் அல்ல. ஆனால் நெடுநாள் பழகிய குதிரை, தன்மேல் இருப்பவரின் குறைகளுக்குத் தன்னைப் பழக்கிக்கொண்டிருக்கும். வலது கால் எப்போதும் இறுக்கி அழுத்தும் ஒருவரைச் சுமக்கும் குதிரை, நாளடைவில் அந்தக் காலைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். அதைப் பார்க்கும் புதிய பயிற்றுநருக்கு, குதிரை மந்தமாக இருக்கிறதா, சவாரி செய்பவரின் கால் தெளிவில்லாமல் பேசுகிறதா என்று பிரித்தறிய ஒரு வகுப்பு முழுவதும் தேவைப்படலாம்.

குதிரையை வண்டியில் ஏற்றிப் புதிய இடத்துக்குக் கொண்டுபோவதானால் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. குதிரை கூட்டமாக வாழ்ந்து பழகிய விலங்கு. அறிமுகமில்லாத இடத்தில் தனியே இறக்கப்பட்டால் கனைத்துக்கொண்டும் சுற்றிச்சுற்றிப் பார்த்துக்கொண்டும் இருக்கும். கட்டணம் செலுத்திய நேரத்தில் பாதி அதை அமைதிப்படுத்துவதிலேயே போகும். எனவே இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்து, குதிரையைக் கையில் பிடித்து மைதானத்தின் இரு பக்கமும் நடத்திக் காட்டுவது நல்லது. சேணத்தையும் வாயில் மாட்டும் பிட்டையும் அந்த வாரத்தில் மாற்றவே கூடாது. மாற்றினால், பயிற்றுநர் பார்ப்பது வழக்கமான குதிரையை அல்ல, புதிய கருவிக்கு எதிர்வினை காட்டும் குதிரையை. இயலுமானால் பயிற்றுநரையே சில நிமிடங்கள் அக்குதிரையில் ஏறிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளலாம். அதில் தெரிய வருவது கீழே நின்று பார்ப்பதைவிடப் பல மடங்கு அதிகம்.

பள்ளிக் குதிரையில் தனி வகுப்பு

நம் ஊர்ப் பள்ளிகளில் இதுவே வழக்கம், ஆபத்து கூடியதும் இதுவே என்று கருதுகிறேன். இந்தியாவின் குதிரையேற்றப் பள்ளிகள் பலவற்றில் இருப்பவை பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற, தரோபிரெட் எனும் பந்தய இனக் குதிரைகள். பந்தயக் குதிரை, ஜாக்கி இழுத்துப் பிடித்த கடிவாளத்தின்மேல் சாய்ந்துகொண்டு வேகமெடுக்கப் பழகியது. மறுபயிற்சி நன்றாக அளிக்கப்பட்டிருந்தாலும், மேலே இருப்பவர் பயத்தில் முன்னால் குனிந்து, வாரை இறுக்கி, இரு கால்களாலும் கவ்விப் பிடித்தால், அந்தப் பழைய பாடம் திரும்பி வரக்கூடும். நிறுத்தச் சொல்லிப் பிடிக்கிற பிடியே ஓடச் சொல்லும் பிடியாகிவிடும். வயதான, சோம்பலான பள்ளிக் குதிரையிலேயே கேன்டர் (ட்ராட் எனும் துள்ளோட்டத்தைவிட வேகமான பாய்ச்சல்) வரை பழகியவர் இத்தகைய குதிரையில் முதல் நாளே ஏற்றப்பட்டால், அவருடைய திறமையைப் பற்றிப் பயிற்றுநருக்குத் தெரிவதைவிட அச்சத்தைப் பற்றியே அதிகம் தெரியும்.

ஆகவே இந்த வழியில் தயாரிப்பு என்பது முழுக்க முழுக்கத் தகவல் தயாரிப்பு. “இரண்டு ஆண்டு அனுபவம்” என்ற சொல்லால் எந்தப் பயிற்றுநரும் எதையும் முடிவு செய்ய முடியாது. “வாரம் ஒரு நாள் வகுப்பு, ட்ராட்டில் எழுந்தமர்ந்து செல்ல வரும், இடப்பக்க வட்டத்தில் கேன்டர் நிலைக்கும், வலப்பக்கம் வந்தால் வெளிப்பக்க அங்கவடி கழன்றுவிடும், சில மாதங்களுக்கு முன் விழுந்ததிலிருந்து தாண்டுதல் பழகவில்லை” என்று சொன்னால், எந்தக் குதிரையைத் தருவது என்பது அந்த ஒரே வாக்கியத்தில் முடிவாகிவிடும். முதுகு, முழங்கால் வலி, ஆஸ்துமா, பழைய எலும்பு முறிவு ஆகியவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

உடல் எடையையும் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஏறத்தாழ 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வழிகாட்டு அளவு. 450 கிலோ குதிரைக்கு அது 90 கிலோ. சேணத்துக்கு 8 கிலோ கழித்தால் மனிதருக்கு மிஞ்சுவது 82. அதுவும் உடல் நலமும் தசை வலுவும் உள்ள குதிரைக்கான மேல் எல்லையே அன்றி, எல்லாக் குதிரைக்கும் பொருந்தும் சலுகை அல்ல. எடையைக் குறைத்துச் சொல்வதன் சுமையை நாம் அல்ல, குதிரையே தாங்குகிறது.

இத்தகவலை வாய்மொழியாக அங்கே போய்ச் சொல்வதா, முன்கூட்டியே எழுதி அனுப்புவதா, காணொளி அனுப்புவதா என்று கேட்டால், நான் எழுத்தையும் காணொளியையும் சேர்த்தே பரிந்துரைப்பேன். வகுப்பு தொடங்கும் பரபரப்பில், முக்கியமானதைச் சொல்ல மறந்துவிட்டு முக்கியமற்றதைச் சொல்லிக்கொண்டிருப்பது மனித இயல்பு. இரண்டு மூன்று நிமிடக் கைப்பேசிக் காணொளி போதும். அதில் நடை, ட்ராட், பழகியிருந்தால் கேன்டர் ஆகியவை இடப்பக்கமும் வலப்பக்கமும் இருக்க வேண்டும். ஏனெனில் குதிரைக்கும் மனிதருக்கும் ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் கடினமாகவும் இருக்கும். பலரும் எளிய பக்கத்தை மட்டுமே படம்பிடித்து அனுப்புகிறார்கள். மிகச் சிறப்பாக அமைந்த நாளின் காணொளியைத் தேடி எடுப்பதைவிட, அண்மையில் எடுத்த சாதாரண நாளின் காணொளியே பயன் தரும்.

கயிற்று வட்டம்

லஞ்ஜிங் எனப்படும் இம்முறையைத் தொடக்க நிலையினருக்கானது என்று நினைத்துப் பலர் மறுத்துவிடுகிறார்கள். அந்த எண்ணம் தவறு. வியன்னாவின் ஸ்பானிய சவாரிப் பள்ளியைப் பற்றிய எழுத்துப் பதிவு 1565 முதல் கிடைக்கிறது. அங்கே சேரும் இளம் மாணவர்கள் இன்றும் முதல் பல மாதங்களைக் கயிற்று வட்டத்தில், அங்கவடியும் கடிவாள வாரும் இல்லாமல், அனுபவம் முதிர்ந்த லிப்பிசானர் இன ஆண் குதிரைகளின் மேலேயே கழிக்கிறார்கள். முதிர்ந்த குதிரை இளைஞருக்குக் கற்றுக்கொடுக்கிறது. அந்த இளைஞர் தேர்ந்தபின் இளங்குதிரைக்குக் கற்றுக்கொடுக்கிறார். ஜெர்மனியில் இருக்கையைத் திருத்துவதற்கென்றே இத்தகைய வகுப்பு தனியாக உண்டு. போட்டிகளில் பங்கேற்பவர்களும் இடையிடையே அதற்குத் திரும்புகிறார்கள்.

முதல் வகுப்புக்கு இது ஏன் மற்ற இரண்டையும் விஞ்சுகிறது என்பதற்குக் காரணம் எளிமையானது. வேகத்தையும் திசையையும் பயிற்றுநரே கவனித்துக்கொள்வதால், சவாரி செய்பவருக்கு உட்காருவதைத் தவிர வேறு வேலையில்லை. கடிவாள வாரைப் பிடித்து உடலை நிலைநிறுத்தும் பழக்கம் உள்ளவரிடமிருந்து அந்த வார் எடுக்கப்பட்டதும், முழங்கால் மேலேறுகிறதா, இடுப்பு பூட்டிக்கொள்கிறதா, தோள் ஒரு பக்கம் சரிகிறதா என்பது சில வட்டங்களில் வெளிப்பட்டுவிடும். இரண்டு வகுப்புகளில் ஊகித்தறிய வேண்டியதைப் பயிற்றுநர் கால் மணி நேரத்தில் கண்ணால் பார்த்துவிடுகிறார். புதிய பயிற்றுநரைப் பற்றி மாணவரும் நிறையத் தெரிந்துகொள்கிறார்: கயிற்றைக் கையில் சுற்றிக் கட்டிக்கொள்ளாமல் மடித்துப் பிடிக்கிறாரா, குதிரையை முதலில் ஆளில்லாமல் சில வட்டங்கள் விட்டுப் பார்க்கிறாரா, இரு பக்கமும் சமமாக மாற்றுகிறாரா, களைப்பைக் கண்டதும் நிறுத்துகிறாரா.

இதற்கும் குறைகள் உண்டு, அவை சிறியவை அல்ல. கயிற்றுக்கு நன்கு பழக்கப்படாத குதிரையில், கையில் வாரும் இல்லாமல் அமர்வது தனிச் சவாரியைவிடவும் ஆபத்தானது. ஆகவே அதற்கெனப் பழகிய குதிரை உண்டா, சுற்றி அடைக்கப்பட்ட மைதானம் உண்டா என்று முன்பே கேட்க வேண்டும். சிறு வட்டத்தில் தொடர்ந்து சுற்றுவது குதிரையின் மூட்டுகளுக்குக் கடினம் என்பதால், 15 முதல் 20 மீட்டர் குறுக்களவுள்ள வட்டமும் 20 முதல் 30 நிமிட நேரமும் போதும். கையின் மென்மையையும் வழிநடத்தும் அறிவையும் இம்முறையில் காட்ட முடியாது. அதனால் நான் பரிந்துரைப்பது, முதல் இருபது நிமிடம் கயிற்று வட்டமும் எஞ்சிய நேரம் தனிச் சவாரியும் கொண்ட வகுப்பு. பதிவு செய்யும்போது கேட்டால் பெரும்பாலான பயிற்றுநர்கள் மகிழ்ச்சியுடனேயே ஒப்புக்கொள்வார்கள்.

இதற்கான உடல் தயாரிப்பைப் பொறுத்தவரை, முந்தைய வாரம் முழுவதும் கூடுதலாகச் சவாரி செய்து ‘மெருகேற்றிக்கொண்டு’ போவது ஒரு வழி. வழக்கம்போல் இருந்துவிட்டு ஓய்வுடன் போவது மற்றொன்று. இரண்டாவதே மேல். தொடைத் தசைகள் வலிக்கும் உடல் தளர்ந்து அமராது. அவசரமாகத் திருத்திக்கொண்ட பழக்கம் ட்ராட்டின் குலுக்கலில் நிலைப்பதுமில்லை. இடுப்பைத் தளர்த்தும் சில நீட்சிப் பயிற்சிகளும் முந்தைய இரவின் தூக்கமும் போதும். சென்னை போன்ற ஊரில் காலை வெயில் ஏறுவதற்கு முன்னான வகுப்பைக் கேட்டுப் பெறுவது இருவருக்கும், அதாவது மாணவருக்கும் குதிரைக்கும், நல்லது.

தலைக்கவசம்: இரவலா, சொந்தமா?

உடையில் நீண்ட ஆலோசனை தேவையில்லை. தடித்த தையல் உட்புறம் இல்லாத, காலோடு ஒட்டிய கால்சட்டை வேண்டும். காலணிக்குச் சிறிய குதிகாலும் வழுவழுப்பான அடியும் வேண்டும். குதிகால் இல்லாத விளையாட்டுக் காலணி அங்கவடிக்குள் முழுதாக நழுவும். ஆழமான பள்ளங்கள் கொண்ட மலையேற்றக் காலணி அதில் சிக்கிக்கொள்ளும். விழும்போது கால் சிக்கினால் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்தல்.

தலைக்கவசத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். பள்ளியின் இரவல் கவசம் எத்தனை முறை தரையில் மோதியது என்பதற்குக் கணக்கில்லை. பலத்த அடி ஒன்றை வாங்கிய கவசத்தின் உட்புற நுரை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும், இரண்டாவது அடியைத் தாங்கும் திறனை இழந்திருக்கலாம். மிதிவண்டிக் கவசமும் மோட்டார் சைக்கிள் கவசமும் மாற்றாகா. குதிரையேற்றத்துக்கென உள்ள ஏ.எஸ்.டி.எம். எஃப்1163 போன்ற தரக் குறியீடு உட்புற ஒட்டியில் இருக்க வேண்டும். தாடை வாரைப் பூட்டுவதற்கு முன் தலையைக் குனிந்து அசைத்தாலும் நழுவாத அளவுக்குப் பொருந்த வேண்டும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பங்கேற்ற அமெரிக்க டிரெசாஜ் (குதிரையை நுட்பமான அசைவுகளில் நடத்திக் காட்டும் போட்டி) வீராங்கனை கோர்ட்னி கிங்-டை, 2010 மார்ச்சில் கவசமின்றிப் பயிற்சி செய்தபோது குதிரை இடறி விழுந்ததில் மண்டையோடு முறிந்து கோமாவில் ஆழ்ந்தார். தேர்ந்தவருக்குக் கவசம் வேண்டாம் என்ற எண்ணம் அதன் பிறகே அவ்விளையாட்டில் ஆட்டம் காணத் தொடங்கியது.

பயிற்றுநரின் மரபு

மேற்கண்ட மூன்றில் எது பொருந்தும் என்பது பயிற்றுநர் எங்கிருந்து வந்தவர் என்பதையும் பொறுத்தது. ராணுவக் குதிரைப்படை, காவல்துறைக் குதிரைப்பிரிவு, கால்நடை மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி இயங்கும் என்.சி.சி. குதிரைப்பிரிவு ஆகியவற்றில் கற்றவர்கள் வரிசைச் சவாரி, ஆணைச் சொல், துணிவு ஆகியவற்றுக்கு முதலிடம் தருவது வழக்கம். அண்மைக் காலத்தில் ஜெர்மானியப் பயிற்சியின் செல்வாக்கும் வளர்ந்துள்ளது. பெங்களூரில் வளர்ந்து 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் வரை சென்ற ஃபுவாத் மிர்சா, ஜெர்மனியின் சாண்ட்ரா ஆஃபார்த்திடம் பயின்றவர். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிரெசாஜ் தனிநபர் வெண்கலம் வென்ற அனுஷ் அகர்வாலா, ஹூபர்டஸ் ஷ்மித்திடம் பயின்றவர். அந்த மரபின் பயிற்சி வரிசையில் முதலில் வருவது குதிரையின் சீரான தாளம், அடுத்தது தளர்வு. தாண்டுதலும் வேகமும் நெடுந்தொலைவு பின்னால். முதல் வகையினரிடம் கயிற்று வட்டத்தைக் கேட்டுப் பெற வேண்டியிருக்கலாம். இரண்டாம் வகையினர் பெரும்பாலும் அவர்களாகவே அதைச் சொல்வார்கள். இரு மரபிலும் ஒரே செயலுக்கு வெவ்வேறு ஆணைச் சொற்கள் வழங்குவதால், புரியாத சொல் காதில் விழுந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திக் கேட்பது நல்லது. ஊகித்துச் செயல்பட்டால் குதிரைதான் குழம்பும்.

குழு வகுப்பை முதல் நாளுக்கு நான் ஏற்கவில்லை. கட்டணம் குறைவு, துணை உண்டு என்பது உண்மைதான். ஆனால் நான்கைந்து குதிரைகளின் இடைவெளியைக் கவனிக்க வேண்டிய பயிற்றுநரால் புதியவரின் இருக்கையை ஊன்றிப் பார்க்க இயலாது. பின்னால் வரும் குதிரை முன்னால் செல்வதையே பின்பற்றுவதால், சவாரி செய்பவர் எதையும் செய்யாமலே எல்லாம் செய்ததுபோல் தோன்றும்.

கயிற்று வட்டத்தைத் தவிர்க்க வேண்டிய நேர்வுகள் இரண்டு. பள்ளியில் அதற்குப் பழகிய குதிரை இல்லையென்றால், மூடிய மைதானத்தில் பள்ளியின் மிக அமைதியான குதிரையில் நடை, ட்ராட் ஆகிய இரண்டோடு நிறுத்திக்கொள்ளும் தனி வகுப்பே சரி. புதிய பயிற்றுநரைத் தேடுவதற்கே காரணம் சொந்தக் குதிரையின் ஒரு குறிப்பிட்ட சிக்கல் என்றால், ஏறவிடாமல் விலகுவது, மைதானத்தின் ஒரு மூலையில் மிரள்வது போன்றவை அதன் இருப்பிடத்தில்தான் தெரியும் என்பதால், பயிற்றுநரை அந்த லாயத்துக்கே வரவழைத்து, சேணம் ஏற்றுவதற்கு முன்பிருந்தே பார்க்கச் சொல்ல வேண்டும்.