பவர் ஷாட்டா, வளைவா: செம்மண் மைதானத்து ஸ்ட்ரைக்கர் எதை முதலில் பழக வேண்டும்?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எந்தக் கால்பந்து மைதானத்து ஓரத்தில் நின்றாலும் சரி, பந்து கோலுக்கு முன்னால் இருக்கிற பாக்ஸை நெருங்கியதும் கூட்டத்திலிருந்து கிளம்புகிற சத்தம் ஒன்றுதான்: "அடிடா!" "பிளேஸ் பண்ணுடா" என்று யாராவது கத்துவது அபூர்வம். பொங்கலுக்கோ கோயில் திருவிழாவுக்கோ நடக்கிற, அணிக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் ஆட்டங்களில் பார்க்கலாம், பலமாக அடித்துக் கோல் கம்பிக்கு மேலே போன பந்துக்குக்கூடக் கைதட்டு விழும். எனக்கும் பவர் ஷாட் பிடிக்கும். ஆனால் பதினாலு வயதுப் பையனுக்கோ பெண்ணுக்கோ ஒன்றை முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால், வளைத்துப் போடுவதைத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

முதலில் பவர் ஷாட்டுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த பந்து 18 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 0.65 விநாடிதான் ஆகும். கோல்கீப்பர் பந்தைப் பார்த்து உடம்பை அசைக்கத் தொடங்குவதற்குள்ளேயே அதில் ஒரு பங்கு போய்விடும். முழு அளவு கோலின் அகலம் 7.32 மீட்டர். நடுவில் நிற்பவர் மிச்ச நேரத்தில் 3.66 மீட்டர் தள்ளியிருக்கிற போஸ்ட் வரைக்கும் பாய வேண்டும். கை பட்டாலும் பந்தைப் பிடிக்க முடியாது. தட்டிவிடுவார், ஓடிவருகிற இன்னொருவர் காலில் அது விழும். டிஃபெண்டர் மேல் பட்டுத் திரும்பி உள்ளே போகிற கோல்களும் பலமாக அடிப்பவர்களுக்கே அதிகம் வாய்க்கும்.

இந்த வகையில் என் ஆள் அர்ஜென்டினா ஸ்ட்ரைக்கர் பாடிஸ்டுட்டாதான். 1999 அக்டோபரில் சாம்பியன்ஸ் லீக்கில் இங்கிலாந்து அணியான ஆர்சனலுக்கு எதிராக, லண்டன் வெம்ப்ளியில், இத்தாலிய அணியான ஃபியோரென்டினாவுக்காக அவர் போட்ட கோலைத் தேடிப் பாருங்கள். பாக்ஸின் வலப்பக்கம், கோணமே இல்லாத இடம். அங்கிருந்து வளைக்க வழியே கிடையாது. பலமாக மேலே ஏற்றினார், ஆர்சனல் கோல்கீப்பர் டேவிட் சீமனால் ஒன்றும் செய்ய முடியவில்லை, ஆட்டம் 1-0. இடம் இடுங்கினால் பவர்தான் வழி என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. இங்கிலாந்து ஸ்ட்ரைக்கர் ஆலன் ஷியரர் அந்நாட்டு பிரீமியர் லீகில் 260 கோல் போட்டதிலும் இந்தப் பலத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

வளைவு வேறு கணக்கு. வலது காலின் உட்புறத்தால், பெருவிரல் எலும்பு தொடங்குகிற இடத்தால், பந்தின் நடுவுக்குச் சற்று வலப்பக்கமாகவும் கீழாகவும் அடித்தால் பந்து சுழன்றுகொண்டே போய் இடப்பக்கம் திரும்பும். சுழல்கிற பந்து காற்றை ஒரு பக்கமாகத் தள்ளிவிடுகிறது, அதனால் அது மறுபக்கம் விலகுகிறது. இதை 1850களில் ஆராய்ந்த ஜெர்மானிய இயற்பியலாளர் மாக்னஸின் பெயரால் மாக்னஸ் விளைவு என்கிறார்கள். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகம் போதும். அதே 18 மீட்டரைக் கடக்க 0.9 விநாடிக்குமேல் ஆகும், கோல்கீப்பருக்குக் கூடுதல் நேரம் இருக்கிறது. ஆனாலும் ஏமாறுகிறார். ஏனென்றால் பாதி தூரம் வரைக்கும் அந்தப் பந்து வெளியே போகிற பந்து. டிஃபெண்டரின் காலுக்கு அந்தப்பக்கமாகக் கிளம்பி, போஸ்ட்டுக்கு வெளியே போய், கடைசியில்தான் உள்ளே திரும்புகிறது. நடுவில் நிற்கிற டிஃபெண்டரே தன் கீப்பரின் பார்வையை மறைத்துவிடுகிறார்.

ஆர்சனலின் தியரி ஆன்ரி இதை ஒரு பழக்கமாகவே வைத்திருந்தார். இடப்பக்கமிருந்து உள்ளே வருவார், இடுப்பைத் திறப்பார், அதாவது கோல் பக்கம் திருப்புவார், வலது காலின் உட்புறத்தால் தூரத்துப் போஸ்ட்டுக்கு அனுப்புவார். அந்த அணிக்காக 228 கோல் போட்டவர், அதில் இந்த மாதிரி எத்தனையோ. யுவென்டஸ் அணியின் டெல் பியெரோவுக்கு இத்தாலியில் பாக்ஸின் அந்த இடப்பக்கமே சொந்தம் என்கிற அளவுக்குப் பேர். 1995-இல் ஜெர்மன் அணியான டோர்ட்மண்டுக்கு எதிராக அவர் போட்டது அதற்கு நல்ல உதாரணம். நெதர்லாந்தின் ராபன் இதையே கண்ணாடியில் பார்த்ததுபோல வலப்பக்கமிருந்து இடது காலால் செய்தார். அவர் என்ன செய்யப்போகிறார் என்று எல்லா டிஃபெண்டருக்கும் தெரியும், தெரிந்தும் தடுக்க முடியவில்லை.

சரி, நம் ஊர்த் தரைக்கு வருவோம். இங்கே புல் குறைவு. செம்மண், அதன்மேல் உதிரிச் சரளை. கண்மாய் வற்றினால் அந்தத் தரையும் மைதானம்தான். பந்து நேராக உருண்டு வராது, கடைசி நொடியில் துள்ளும். வளைத்துப் போட, பந்தில் ஓர் உள்ளங்கை அளவு இடத்தில் கால் சரியாகப் பட வேண்டும். துள்ளுகிற பந்தில் அது தவறும், பந்து மேலே போய்விடும். ஊன்று காலும் சரளையில் வழுக்கும். பவர் ஷாட்டுக்கு அவ்வளவு நுணுக்கம் வேண்டாம், துள்ளுகிற பந்தையும் அடித்துவிடலாம். தரையோடு தரையாக அடித்தால் கோல்கீப்பருக்கு முன்னால் பந்து குத்தி எழும்பும், அவர் பாடு திண்டாட்டம்.

ஆனால் இதே தரைதான் வளைவுக்கும் துணை நிற்கிறது. சரளையில் விழுந்தால் முழங்கையும் இடுப்பும் உரிந்துபோகும். அதனால் நம் கோல்கீப்பர்கள் பலர் முழு நீளத்துக்குப் பாய்வதில்லை, நின்ற இடத்திலிருந்தே தடுக்கப் பார்ப்பார்கள். அவர்களுக்கு நேராகப் பலமாக அடித்தால் மார்பிலோ காலிலோ பட்டுத் திரும்பும். மூலைக்கு அனுப்பினால் வேகம் குறைவாக இருந்தாலும் கோல். அப்புறம் இன்னொன்று: கோலுக்குப் பின்னால் வலை இருக்காது, சீமைக்கருவேலம்தான் இருக்கும். கம்பிக்கு மேலே போன ஒவ்வொரு பவர் ஷாட்டும் அந்த முள்ளுக்குள்தான் விழும். இருக்கிற ஒரே பந்தும் பஞ்சரானால் அன்றைய ஆட்டம் அதோடு முடிந்தது.

இரண்டும் எதிரிகள் என்றும் நினைக்க வேண்டாம். 1997 ஜூனில் பிரான்ஸுக்கு எதிராக பிரேசிலின் ராபர்ட்டோ கார்லோஸ் அடித்த ஃப்ரீ கிக்கில் இரண்டுமே இருந்தன. அவர் டிஃபெண்டர்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியாது. ஸ்ட்ரைக்கர்களில் தென்கொரியாவின் சன் ஹியுங்-மின்னைப் பாருங்கள், இரண்டு காலாலும் இரண்டையும் செய்கிறவர்.

அப்படியானால் ஏன் வளைவு முதலில்? பலம் வயசோடு வரும். தொடை வலுவானதும், ஓட்டம் கூடியதும், பதினேழு வயதில் யாரும் சொல்லாமலேயே பந்து பறக்கும். தலையைத் தூக்கி கோல்கீப்பர் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பது, இடுப்பைத் திறப்பது, பந்தின் எந்த இடத்தில் அடிக்கிறோம் என்று தெரிந்து அடிப்பது, இதெல்லாம் தானாக வராது. "அடிடா" என்ற சத்தத்திலேயே வளர்ந்த பையன் தலையைக் குனிந்தபடியே அடிக்கப் பழகிவிடுகிறான். அப்படி வளர்ந்த ஒரு தம்பியிடம் கோல்கீப்பர் எந்தப் பக்கம் நின்றார் என்று கேட்டேன். "பாக்கலையேண்ணே" என்றான். நல்ல கால் அவனுக்கு, தேவகோட்டை வரைக்கும் பேர் உண்டு. ஆனால் கீப்பரோடு தனியாக நிற்கிற நேரத்தில் பந்து அவர் மேலேயே போகும்.

பழக்குகிறவர்கள் பந்தையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்குச் சற்றுச் சிறிய நாலாம் நம்பர் பந்துதான் பொருத்தம். அண்ணன்மார் ஆடி மேல்தோல் உரிந்த ஐந்தாம் நம்பர் பந்தில், அதுவும் கல்லாகக் காற்றடித்ததில், சின்னக் கால் உட்புறத்தால் அடித்தால் வலிக்கும். வலிக்குப் பயந்து நுனிவிரலால் குத்தத் தொடங்குவார்கள், பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. காற்றைக் கொஞ்சம் இறக்கி, பாக்ஸின் இடது மூலையில் சரளையைக் கூட்டிவிட்டு, தூரத்துப் போஸ்ட்டுக்கு வெளியே ஒரு செங்கல்லை வையுங்கள். அந்தக் கல்லைப் பார்த்து அடிக்கச் சொல்லுங்கள்.