லண்டனில் இரட்டை புஷ்சேர்: ஒரு வருஷம் தாண்டிய பிறகு

பெரியவனுக்கு இரண்டு வயது ஆகும் முன்பே தங்கச்சி பிறந்துவிட்டாள். அதிலிருந்து ஒரு வருஷத்துக்கு மேலாக, கிழக்கு லண்டன் மேனர் பார்க்கில் இருவரையும் ஒரே இரட்டை புஷ்சேரில், அதாவது இரண்டு குழந்தைகள் உட்காரும் தள்ளுவண்டியில், வைத்துத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். வாங்குவதற்கு முன்னால் நான் கேட்டதெல்லாம் விலை, எடை, மடிக்கும் விதம் பற்றித்தான். பாதுகாப்பைப் பற்றி ஓட்டி ஓட்டித்தான் தெரிந்துகொண்டேன். வண்டி உருளும்போது நம் கண்ணும் கையும் அதிலேயே இருக்கும். கவனம் அதிகம் தேவைப்படுவது அது நிற்கும்போது: பிள்ளைகளை ஏற்றும்போது, இறக்கும்போது, ரயிலுக்குக் காத்திருக்கும்போது, கடையில் காசு கொடுக்கும்போது.

முதலில் எந்த வகை என்று பார்ப்போம். ஒருவர் பின் ஒருவராக உட்காரும் வண்டி ஒடுக்கமானது, கடைக்குள் எளிதாக நுழையும். ஆனால் பல மாடல்களில் சின்னக் குழந்தை கீழ்த்தட்டில் போய்விடும். முகத்தைப் பார்க்கக் குனிய வேண்டும். பின்னால் ஒரு பிள்ளை இருக்கும்போது முன்னால் இருப்பவனை இறக்கினால் பின்பக்கமாகச் சாயும் மாடல்களும் உண்டு. அவற்றில் முன்னிருக்கையை முதலில் நிரப்பிக் கடைசியில் காலி செய்ய வேண்டும். அதனால் நான் அருகருகே உட்காரும் வகையை எடுத்தேன், அகலம் 63 செ.மீ. இங்கே வீட்டுக்குள் இருக்கும் கதவுகள் பெரும்பாலும் 76 செ.மீ. அகலம். 75 செ.மீ. வண்டி வாங்கினால் ஒவ்வொரு கதவு நிலையிலும் விரல் உரசும். கடைக்குப் போகும் முன் வீட்டுக் கதவு நிலையை டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

பிறந்த குழந்தை விஷயத்தில் நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. படுக்கை தட்டையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கழுத்து நிற்காத குழந்தையைச் சாய்ந்த இருக்கையில் வைத்தால் தலை முன்னால் சரிந்து தாடை நெஞ்சில் படும். அப்போது மூச்சுக்குழாய் மடங்கி அடைபடலாம், குழந்தை அழக்கூட முடியாது. அதனால் ஒரு பக்கம் கேரிகாட், அதாவது தட்டையாகப் படுக்கவைக்கும் தொட்டில், மாட்டினோம். கார் சீட்டையே வண்டியில் பொருத்தும் வசதி பலருக்குப் பிடிக்கும். காரிலிருந்து வீட்டு வாசல் வரை சரி, மணிக்கணக்காகத் தூங்கவிட அது ஏற்றதில்லை. பிறந்த குழந்தையைக் காரிலேயே ஒரு தடவைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் கார் சீட்டில் வைக்க வேண்டாம் என்பதுதான் பிரிட்டனில் சொல்லும் அறிவுரை.

கேரிகாட்டின் பக்கச்சுவர் இன்னொரு வகையிலும் உதவியது. பெரியவன் பாசக்காரன். தன் கையில் எது இருந்தாலும் தங்கச்சிக்கும் ஊட்டப் பார்ப்பான். பிஸ்கட், திராட்சை, முறுக்குத் துண்டு எல்லாம் இதில் அடங்கும். அருகருகே உட்காரும் வண்டியில் யாரும் சொல்லாத ஆபத்து இதுதான் என்று நினைக்கிறேன். அவள் உட்காரும் வயது வரை வண்டியில் அவனுக்குத் தண்ணீர் மட்டும்தான் கொடுத்தோம்.

வெயிலுக்கும் ஒரு வார்த்தை. மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தபோது பாப்பா முகத்தில் வெயில் படுகிறதே என்று மெல்லிய துணியைப் போர்த்தப் போனார். துணி எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் உள்ளே காற்று நின்று சூடு ஏறும், குழந்தையும் கண்ணில் படாது. சொன்னதும் புரிந்துகொண்டார். குடை வைத்தோம். மழை உறையும் அப்படித்தான், கடைக்குள் நுழைந்ததும் கழற்றிவிட வேண்டும்.

பிரேக்கை மிதித்தால் மட்டும் போதாது. மிதித்துவிட்டு வண்டியை ஒரு தடவை தள்ளிப் பார்க்க வேண்டும், அசையக் கூடாது. இரண்டு பிள்ளைகளும் வண்டியும் சேர்ந்து முப்பது கிலோ வரும், சின்னச் சரிவே போதும். 2009இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஆஷ்பர்டன் ரயில் நிலையத்தில், அம்மா கையை எடுத்த கண நேரத்தில் ஒரு வண்டி தானாக உருண்டு தண்டவாளத்தில் விழுந்தது, ரயிலும் வந்தது. குழந்தை பிழைத்தது பெரும் அதிர்ஷ்டம். அந்த வீடியோவைப் பார்த்தபின் நடைமேடையில் என் வழக்கம் இது: சுவரோரம் நிற்பேன், சக்கரங்கள் தண்டவாளத்தை நோக்காமல் அதற்கு இணையாக இருக்கும், பிரேக் போட்டிருக்கும், கைப்பட்டை மணிக்கட்டில் இருக்கும். லண்டனின் எலிசபெத் லைன் ரயில் பாதையில் எல்லா நிலையங்களிலும் நடைமேடை வரை படியில்லாமல் போகலாம் என்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய வரம். வைட்சேப்பல் போன்ற நடு லண்டன் நிலையங்களில் ரயிலும் நடைமேடையும் ஒரே மட்டம். மற்ற இடங்களில் இடைவெளி இருக்கும், அங்கே இறங்கும்போது வண்டியைத் திருப்பிப் பின்சக்கரத்தை முதலில் இறக்குவேன். எஸ்கலேட்டரில் மட்டும் எந்த அவசரத்திலும் ஏற்றியதில்லை.

பஸ்ஸில் வண்டி நிறுத்தும் இடம் சக்கர நாற்காலிக்காரர்களுக்குத்தான் முதல் உரிமை. இது தொடர்பான வழக்கில் 2017இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம், இடம் விட மறுப்பவரிடம் ஓட்டுநர் வெறுமனே கேட்டுவிட்டுப் போவது போதாது என்றது. அதனால் எப்போது வேண்டுமானாலும் மடித்துவிடத் தயாராகத்தான் ஏறுவேன். குழந்தையைக் கட்டிக்கொள்ளும் ஸ்லிங் கூடையில் எப்போதும் இருக்கும்.

சாலை கடக்க நிற்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நாம் நடைபாதையில் நிற்போம், பிள்ளைகளின் கால்கள் நமக்கு ஒரு மீட்டர் முன்னால் இருக்கும். நடைபாதை ஓரத்திலிருந்து வண்டியின் முன்பக்கமே இரண்டு அடி பின்னால் இருக்கும்படி நில்லுங்கள்.

ஏற்றும்போது பிரேக், பிறகு ஓடக்கூடியவன், அப்புறம்தான் பாப்பா. வீட்டுக்கு வந்தால் வண்டியை உள்ளே கொண்டுவந்து கதவைச் சாத்தியபின்தான் பெல்ட்டைக் கழற்றுவேன், முதலில் பாப்பா, பிறகு அவன். பெல்ட் என்றால் ஐந்து முனைப் பெல்ட், கவட்டுப்பட்டை உட்பட முழுவதும். ஈஸ்ட் ஹாமில் வாங்கிய அரிசி கீழ்க் கூடையில்தான் போகும். கைப்பிடியில் பை தொங்கினால், பிள்ளையை இறக்கிய நொடியில் வண்டி பின்னால் சாய்ந்துவிடும்.

மடிக்கும்போது பிள்ளைகளின் கை எட்டாத தூரத்தில் மடியுங்கள். 2009இல் அமெரிக்காவில் மெக்லாரன் நிறுவனத்தின் சுமார் 10 லட்சம் குழந்தை வண்டிகளின் கீல்களுக்கு உறை கொடுக்க நேர்ந்தது, மடிப்பில் சிக்கிக் குழந்தைகளின் விரல்நுனிகள் துண்டானதால்தான்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஆன்லைனில் பணம் கட்டுவதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள். இரண்டு இருக்கையிலும் எடை வைத்து, சரிவில் பிரேக் நிற்கிறதா என்று சோதியுங்கள். பெல்ட் பக்கிள்கள் எல்லாம் பூட்டுகின்றனவா, மடிப்புப் பூட்டு தானாக விடுபடாமல் இருக்கிறதா பாருங்கள். குழந்தை வண்டிகளுக்கான ஐரோப்பியப் பாதுகாப்புத் தரமான ஈஎன் 1888 என்ற முத்திரை ஒட்டியிருக்க வேண்டும். அந்த மாடல் திரும்பப் பெறப்பட்டதா என்றும் தேடிவிடுங்கள். மெத்தை மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள், கேரிகாட் அளவுக்குச் சரியாகப் பொருந்துவதாக.