டோஸ்டிடோஸில் எதை எடுப்பது? டிப்பை முதலில் முடிவு செய்யுங்கள்

அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளின் சிப்ஸ் வரிசையில் டோஸ்டிடோஸ் என்ற சோள சிப்ஸ் பிராண்டு ஒரு பெரிய பகுதியையே பிடித்து வைத்திருக்கும். ஸ்கூப்ஸ், ரெஸ்டாரன்ட் ஸ்டைல், கண்டீனா தின் அண்ட் கிரிஸ்பி, ஹின்ட் ஆஃப் லைம் என்று வகைகள். பக்கத்திலேயே அதே பெயரில், சிப்ஸை முக்கிச் சாப்பிடும் டிப்களான சல்சா (தக்காளி, வெங்காயக் கலவை) பாட்டிலும் கேசோ (சீஸ் கலவை) பாட்டிலும் இருக்கும். பலரும் சிப்ஸை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு அப்புறம்தான் டிப் பக்கம் திரும்புகிறார்கள். வரிசையை மாற்றினால் நல்லது என்பது என் கட்சி. என்ன டிப் என்று தெரிந்துவிட்டால், எந்த சிப்ஸ் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான் மிஞ்சும்.

முதலில், பெயரில் ஒத்துப்போகும் இன்னொரு சோள சிப்ஸான டோரிடோஸின் கணக்கை முடித்துவிடலாம். இரண்டுமே ஃபிரிட்டோ-லே நிறுவனத்தின் பிள்ளைகள். டிஸ்னிலாந்தில் இருந்த காசா டி ஃபிரிட்டோஸ் உணவகத்தில் மீந்த டோர்ட்டியாக்களை (மெக்சிகோ பாணி சோள ரொட்டிகளை) வெட்டிப் பொரித்ததில் பிறந்தது டோரிடோஸ்; 1966-இல் நாடு முழுக்க விற்பனைக்கு வந்தது. டோஸ்டிடோஸ் அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, 1970களின் கடைசியில் வந்தது. நாச்சோ சீஸ் டோரிடோஸின் மேல் சீஸ் பொடி, மசாலா எல்லாம் ஏற்கெனவே அப்பியிருக்கும். சாதாரண டோஸ்டிடோஸில் இருப்பது மக்காச்சோளம், எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். ஒரே எடைக்கு டோரிடோஸில் சோடியம் ஏறக்குறைய இரு மடங்கு. அதன்மேல் உப்புள்ள டிப்பையும் சேர்த்தால் நாக்குக்கு உப்பைத் தவிர வேறெதுவும் எட்டாது. டோரிடோஸைத் தனியாகச் சாப்பிடுங்கள், டிப்புக்கு அது வேண்டாம்.

உப்பு குறைவாக இருப்பதால்தான் டோஸ்டிடோஸில் சோளத்தின் மணம் தெரிகிறது. டோர்ட்டியா சிப்ஸுக்கான சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, கழுவி, அரைப்பார்கள். இப்படிக் கிடைக்கும் மாவுதான் மசா. இதைத் தகடாக்கி, வெட்டி, முதலில் அடுப்பின் அனலில் வாட்டி, அதன்பிறகுதான் எண்ணெயில் போடுவார்கள். வாட்டும்போதே ஈரம் குறைந்துவிடுவதால் குடிக்கும் எண்ணெயும் குறைகிறது. 28 கிராம் உருளைக்கிழங்கு சிப்ஸில் சுமார் 10 கிராம் கொழுப்பு என்றால் இதில் சுமார் 7 கிராம்.

சரி, இப்போது உண்மையான போட்டிக்கு வருவோம்: ஸ்கூப்ஸா, ரெஸ்டாரன்ட் ஸ்டைலா?

சல்சாவுக்கு ரெஸ்டாரன்ட் ஸ்டைல்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெரிய முக்கோணம், மெல்லிய தகடு, கடித்தால் சோளச் சுவை முன்னால் வரும், தக்காளி பின்னால் வரும். ஸ்கூப்ஸ் குட்டிக் கிண்ணம் போன்றது. சல்சாவில் முக்கினால் அடியில் தண்ணீர் தேங்கிவிடும். வாயில் போடும்போது தக்காளிச் சாறுதான் மிகும், சிப்ஸ் காணாமல் போகும். முக்கோணத்தில் சாறு வழிந்துவிட, தக்காளித் துண்டும் வெங்காயமும் மட்டும் தங்கும். உடைகிறது என்று குறை சொல்பவர்கள் பெரும்பாலும் கூர் முனையை முக்குகிறார்கள். கூர் முனையைக் கையில் பிடித்து, அகலமான விளிம்பைச் சாய்த்து வாருங்கள். பாக்கெட்டில் சில சிப்ஸ் கரண்டி மாதிரி வளைந்திருக்கும். துண்டு துண்டான சல்சாவுக்கு அவற்றைப் பொறுக்கி எடுப்பது தப்பே இல்லை. முக்கியதும் சாப்பிட்டுவிடுங்கள், கையில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தால் நமத்துவிடும்.

கெட்டியான டிப் என்றால் நிலைமை தலைகீழ். பீன்ஸ் டிப்பில் முக்கோணத்தை அழுத்தினால் பாதி உள்ளேயே நின்றுவிடும். ஏழு அடுக்கு டிப்பைப் பாருங்கள்: மசித்த பீன்ஸ், குவாக்கமோலி (அவகாடோ மசியல்), சவர் கிரீம் (புளித்த கிரீம்), சீஸ், தக்காளி என்று மேலே மேலே அடுக்கியிருக்கும். தட்டையான சிப்ஸ் மேல் அடுக்கை மட்டும் வழித்துக்கொண்டு வரும். ஸ்கூப்ஸை மேலிருந்து நேராக இறக்கித் தூக்கினால் அடியில் கிடக்கும் பீன்ஸும் சேர்ந்து வரும். இந்த ஒரு வேலையில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

கூட்டமாகச் சாப்பிடும்போது ஸ்கூப்ஸுக்கு இன்னொரு பலமும் உண்டு. கடித்த மிச்சத்தை மறுபடி முக்குவதைப் பற்றி கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஆய்வே செய்திருக்கிறார்கள். கடித்த பிஸ்கட்டை முக்கியபோது சீஸ், சாக்லேட் டிப்களைவிட சல்சாவில் சுமார் ஐந்து மடங்கு பாக்டீரியா சேர்ந்தது. சல்சா நீர்த்து இருப்பதால் கடித்த விளிம்பைத் தொட்டது ஒட்டிக்கொள்ளாமல் திரும்பக் கிண்ணத்திலேயே வழிகிறது. ஸ்கூப்ஸ் ஒரே வாயில் அடங்கும் அளவு என்பதால் இந்தப் பேச்சே எழாது. முக்கோணம் வைத்தால் ஆளுக்கொரு சிறு கிண்ணத்தில் சல்சாவைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.

வாங்கும்போது ஒன்று: ஸ்கூப்ஸ் உள்ளே குழிவாக இருப்பதால் இடத்தை அடைக்கும். பாக்கெட்டின் பருமனைப் பார்க்காமல் அச்சிட்ட எடையைப் பாருங்கள்.

கண்டீனா தின் சல்சாவுக்கு நன்றாகவே இருக்கும், கேசோவுக்குத் தாங்காது. ஹின்ட் ஆஃப் லைமின் புளிப்பு சல்சாவின் புளிப்போடு மோதும், வெறுமனே கொறிக்கலாம்.

டிப்களில் சல்சாவா கேசோவா என்றால், கலோரியைப் பார்ப்பவர்களுக்கு சல்சா. இரண்டு மேசைக்கரண்டிக்குச் சுமார் 10 கலோரி, கேசோவில் சுமார் 40. ஆனால் 28 கிராம் சிப்ஸே 140 கலோரி என்பதால், அளவு பார்ப்பதென்றால் சிப்ஸில்தான் பார்க்க வேண்டும். சல்சாவில் மீடியம் காரம் என் தேர்வு. மைல்டில் தக்காளியின் இனிப்புதான் தூக்கலாகத் தெரிகிறது.

கேசோவைச் சூடாக்காமல் பரிமாறவே வேண்டாம். பாட்டிலிலிருந்து அப்படியே எடுத்தால் பசை மாதிரி இருக்கும், அதன் சுவையே தெரியாது. வேறு கிண்ணத்தில் மாற்றி மைக்ரோவேவில் இடையிடையே கிளறிச் சூடாக்குங்கள். ஆறினால் மேலே ஆடை படியும் என்பதால் முழு பாட்டிலையும் ஒரேயடியாகக் கொட்டாமல் பாதியை மட்டும் சூடாக்குங்கள். மீதி மூடியோடு ஃப்ரிட்ஜில் இருக்கட்டும், கிண்ணம் காலியானதும் எடுத்துக்கொள்ளலாம்.