சென்னையிலிருந்து யாழ்ப்பாணம்: நேராகப் பறப்பதா, கொழும்பு போவதா, கப்பல் ஏறுவதா?

வான்வழியில் சென்னைக்கு மதுரையைவிட யாழ்ப்பாணம் பக்கம். மதுரை சுமார் 415 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் சுமார் 355 தான். கிட்டத்தட்ட நேர் தெற்கு. இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஊருக்குப் போகப் பல ஆண்டுகள் நம் ஆட்கள் கொழும்பைச் சுற்றித்தான் போனார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கும். 2019 அக்டோபரில் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறந்தது. கொரோனாவில் நின்ற சென்னை விமானம் 2022 டிசம்பரில் மறுபடி வந்தது.

கொழும்பு வழியை முதலில் பார்ப்போம். கொழும்பின் விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவுக்கு வான்வழித் தொலைவு சுமார் 645 கிலோமீட்டர். வரைபடத்தில் கோடு போட்டுப் பாருங்கள், அது ஏறக்குறைய யாழ்ப்பாணத்தின் தலைக்கு மேலேயே போகும். போக வேண்டிய ஊரைத் தாண்டிப் போய் இறங்கி, அப்புறம் கொழும்பு கோட்டை ரயில் ஸ்டேஷனுக்கு ஒரு மணி நேரம், அங்கிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் ரயிலில் வடக்கே திரும்ப வேண்டும். ரயில் மட்டுமே ஆறேழு மணி நேரம். அடுத்த ரயிலுக்காகக் காத்திருப்பதையும் சேர்த்தால் ஒரு நாள் முழுசாகப் போய்விடும்.

இதில் பலரைக் குழப்புவது பறக்கும் நேரம்தான். கொழும்புக்கும் ஏறக்குறைய ஒன்றரை மணி, பாதித் தொலைவிலுள்ள பலாலிக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். காரணம் விமானம். பலாலி ஓடுபாதை நீளம் குறைவு என்பதால் அங்கே போவது சுமார் 70 பேர் ஏறும் ஏடிஆர் என்ற சின்ன புரொப்பெல்லர் விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவு. ஜெட் 800ஐத் தாண்டும். டிக்கெட்டில் இரண்டு நேரத்தையும் பார்த்து, 'வித்தியாசம் ஒன்றும் இல்லையே' என்று கொழும்புக்குப் போட்டுவிடாதீர்கள். வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள். மீனம்பாக்கத்தில் மூன்று மணி நேரம் முன்னதாக நின்றாலும், பலாலியில் இறங்கி அரை மணியில் டவுனுக்குள் இருக்கலாம். எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம். கொழும்பு வழியில் பதின்மூன்றுக்குக் குறையாது. கொழும்பில் வேலையோ சொந்தமோ இருந்தால் மட்டுமே அது சரி.

நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் துறைமுகமான காங்கேசன்துறைக்குப் போகும் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளில் மழைக்காலத்துக்காக நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. கடல் தொலைவு சுமார் 110 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். சென்னைக்காரருக்கு நாகைக்கே ஓர் இரவு பஸ் பயணம் என்பதால் நேரத்தில் லாபம் இல்லை. ஆனால் நாகை, திருவாரூர்க்காரர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. கல்யாணம் வைத்திருப்பது ஐப்பசி, கார்த்திகையில் என்றால் மட்டும் கப்பலை நம்ப வேண்டாம்.

சென்னையிலிருந்து போகிறவருக்கு என் ஓட்டு ஏடிஆருக்குத்தான். போகும்போது வலப்பக்கச் சன்னலைக் கேட்டு வாங்குங்கள். இறக்கை மேலே இருப்பதால் கீழே பார்வை மறைக்காது. வானம் தெளிவாக இருந்தால் நம் கரை பின்னால் போவதையும், கொஞ்ச நேரத்தில் அந்தக் கரையின் பனைகள் வருவதையும் பார்க்கலாம்.